ஏரிக்கரை முனி

வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறது, அது மனிதன் ஓய்வெடுப்பதற்காக ஏற்பட்டது என்று யாரோ மதிவாணனிடம் சொல்லி வைத்திருந்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருடமான பிறகும் அவர் அதை நம்பிக்கொண்டிருந்தார்.

தெப்ராவில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு சூப்பர்வைசர் வேலை. திங்கள் முதல் சனி வரை இயந்திரச் சத்தம். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூடாய் வீட்டில் ரூபினியின் சத்தம். ரூபினி, மனைவி பிரேமலாவின் தங்கை. இட்லி வேகும் நேரம் பார்த்துச் சரியாக வந்து இறங்குவாள். கூடவே கரவோக்கே பெட்டியும் இறங்கும். "அத்தான், இந்தப் பாட்டு உங்களுக்காக!" என்று ஆரம்பித்தால், எதிர்வீட்டு நாய் சங்கிலியோடு கொல்லைப்பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். மதிவாணனுக்குப் போக இடமில்லை. இயந்திரத்தையாவது நிறுத்துவதற்கு ஒரு பொத்தான் உண்டு.

அதனால் அவர் ஒரு சபதம் எடுத்தார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனிதக் குரல் கேட்காத ஓரிடத்தில், தன்னந்தனியாக, சும்மா உட்கார்ந்துவிட்டு வருவது. செத்தாலும் சரி, அதைச் செய்யாமல் விடுவதில்லை.

வண்டி தயாராக இருந்தது. செடெனாக்கில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய ஜீப்பை வாங்கியிருந்தார். வாங்கிய அன்று பிரேமலா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் சுற்றி, "முதல்ல எங்க போறோம்?" என்று கேட்டாள். "காடு, மலைன்னு உன்னத்தான் முதல்ல கூட்டிட்டுப் போவேன்" என்று இவரும் வாக்குக் கொடுத்தார். அதன் பிறகு அந்த ஜீப் காய்கறி வாங்க பாசாருக்குப் போயிற்று, பாசாரிலிருந்து திரும்பி வந்தது. அவ்வளவுதான் அதன் உலகப் பயணம்.

இடத்தைக் காட்டிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக் கமலநாதன். வேலிக்கு மேலே கைப்பேசியை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டினார்.

"செடெனாக் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள்ள பூந்து, பழைய மரத்து லோரி ரோட்டுல ஏறணும்ணே. ரோடு ரொம்ப மோசம். ஆனா மேல போனா பெரிய ஏரி."

"ஆளுங்க இருப்பாங்களா?"

"ஒரு ஈ காக்கா கிடையாது. போன்ல லைன் கூட கிடைக்காது."

"லைனும் கிடைக்காதா!" மதிவாணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி வீட்டில் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி. ஏரிக்குப் போகிறேன் என்றால் பிரேமலா வருவாள். பிரேமலா வந்தால் ரூபினி வருவாள். ரூபினி வந்தால் பெட்டி வரும். பெட்டிக்கு மின்சாரம் வேண்டாமா என்று கேட்காதீர்கள், அதில் பேட்டரியும் உண்டு. போன தீபாவளிக்கு அதை வாங்கிக் கொடுத்தவரே மதிவாணன்தான்.

இரண்டு நாள் யோசித்தார். பிரேமலா குறுக்குக் கேள்வி கேட்காத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது சாமி விஷயம். செடெனாக் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். தோட்டத்து எல்லையில் நிற்கும் முனியாண்டியைக் கும்பிடாமல் அந்தக் காலத்தில் ரப்பர் பால்மரத்தில் யாரும் கத்தி வைத்ததில்லை. முனி கூப்பிட்டார் என்றால் அவள் மறு பேச்சுப் பேசமாட்டாள். திங்கட்கிழமை காலை தோசைத் தட்டின் முன்னால் உட்கார்ந்து மதிவாணன் பெருமூச்சு விட்டார்.

"பிரேமலா, நேத்து ஒரு கனவு கண்டேன்."

"படுக்கிறப்ப நெருப்புல சுட்ட மீன் சாப்பிடாதீங்கன்னு சொன்னேனா இல்லியா?"

"சாமி கனவு. முனியாண்டி. இம்மாம் பெரிய மீசை."

தோசைக் கரண்டி நின்றது. "என்னா சொன்னாரு?"

"மலை மேல ஒரு ஏரிக்கரையில இருக்கேன், யாரும் எட்டிப் பார்க்கிறதில்ல, நீ வந்து ஒரு சுருட்டு வச்சுக் கும்பிட்டுட்டுப் போடான்னாரு."

"ஐயோ, சாமி! நாம ரெண்டு பேரும் போயிட்டு வந்துருவோம்."

"பொம்பளைங்க வரக் கூடாதாம். ரொம்ப உக்கிரமான சாமி."

"அப்ப கமலநாதன் அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க."

"தனியாத்தான் வரணுமாம். கமலநாதன் பேரைச் சொல்லியே வேணாம்னுட்டாரு."

"பரவால்ல. சாமி எல்லாத்தையும் விவரமாத்தான் சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிட்டு பிரேமலா தோசையைத் திருப்பிப் போட்டாள்.

இவ்வளவு சுலபமாக முடியும் என்று தெரிந்திருந்தால் மதிவாணன் பத்து வருடத்துக்கு முன்பே கனவு கண்டிருப்பார். அந்த மகிழ்ச்சி தோசை முடியும் வரை நீடித்தது. தட்டைக் கழுவ எடுக்கும்போது பிரேமலா சொன்னாள்:

"இன்னிக்கிலேர்ந்து விரதம். கவுச்சி கிடையாது. முட்டையும் கிடையாது. பாய் எடுத்து வைக்கிறேன், தரையில படுத்துக்குங்க."

"அதெல்லாம் சாமி கேக்கலயே!"

"சாமி அதையெல்லாம் வாயைத் திறந்து கேப்பாரா? நாமதான் தெரிஞ்சு நடந்துக்கணும்."

அந்த வாரம் தொழிற்சாலைக் கேன்டீனில் சுற்றிலும் எல்லோரும் ஆயாம் கோரெங் கடித்துக்கொண்டிருக்க, மதிவாணன் கங்கோங் கீரையை மென்றார். வறுத்த கோழியின் வாசனைக்குக்கூட விரதம் கெட்டுப்போகுமா என்று யாரையும் கேட்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் பாய். முதுகு பலகையாகிவிட்டது. ஏரியை நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை பிரேமலா சாமான்களை எடுத்து வைத்தாள். சுருட்டு, கற்பூரம், வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், மஞ்சள், குங்குமம்.

"முனிக்குக் கறுப்பு பீர் வைக்கிறது உண்டே?" என்று மதிவாணன் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"உண்டு. ஆனா வண்டி ஓட்டுறது முனி இல்லியே."

பீர் வரவில்லை. அதற்குப் பதிலாக, காது வைத்த அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. உள்ளே ஏதோ நகர்ந்தது.

"என்னா இது?"

"சேவல். நேர்ந்து விடுறதுக்கு. அறுக்க வேணாம், சாமி முன்னால விட்டுட்டு வந்துருங்க. அப்புறம் இன்னொன்னு. பொம்பளைங்க வரக் கூடாதுன்னுட்டாருல்ல, அதனால சாமியை ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. நான் இங்கேர்ந்தே கும்பிட்டுக்கிறேன்."

அலமாக்! இல்லாத சாமியை எப்படிப் படம் பிடிப்பது? மதிவாணன் கொல்லைப்பக்கம் போய்த் தலையைச் சொறிந்தபடி நின்றார். அங்கேதான், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால், அம்மிக் குழவி கண்ணில் பட்டது. பிரேமலாவின் அம்மா தோட்டத்திலிருந்து சீராகக் கொடுத்தனுப்பிய அம்மியும் குழவியும். பிளெண்டர் வந்ததிலிருந்து அவற்றைத் தொட ஆளில்லை. குழவியை நிமிர்த்தி வைத்துப் பார்த்தார். நீண்டு, உருண்டு, கறுத்து, அசல் முனிக் கல் போலவே நின்றது. ஒரு முனையில் மட்டும் கொஞ்சம் சில்லு பெயர்ந்திருந்தது. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று படியில் போட்டு உடைத்தவர் இவரேதான். குங்குமத்தை அப்பினால் தெரியாது என்று முடிவுகட்டி, துண்டில் சுற்றி ஜீப் இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தார்.

மறுநாள் விடிந்ததும் மதிவாணனும் சேவலும் கிளம்பினார்கள். சேவல் பெட்டிக்கு முன் இருக்கையில் இடம் கொடுத்து பெல்ட்டும் போட்டுவிட்டார். செடெனாக் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைகிறவரை பாதை ஒழுங்காக இருந்தது. அதற்கப்புறம் பாதை என்பது ஒரு மரியாதைக்காகச் சொல்கிற பெயர். மரம் ஏற்றிய லோரிகள் உழுதுவிட்டுப் போன செம்மண்ணில் இரண்டு பள்ளங்கள், நடுவில் முழங்கால் உயரத்துக்குப் புல். ஃபோர் வீலைப் போட்டு, தாழ்ந்த கியரில் ஜீப்பை உறும விட்டார். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் இவர் மறுபக்கம் சாய்ந்தார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் சேவல் ஒரு கூவல் கூவியது. ஓடை ஒன்று குறுக்கே வந்தது. இறங்கி, குச்சியை விட்டு ஆழம் பார்த்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அக்கரை ஏறியபோது அவருக்கு இருபது வயது குறைந்துவிட்டது.

அடுத்த மேட்டில் குறைந்த வயதெல்லாம் திரும்பி வந்தது. பின்சக்கரம் இரண்டும் சேற்றில் இறங்கின. மிதித்தால் சேறு பறந்ததே தவிர, வண்டி அசையவில்லை. போனில் லைன் இல்லை. எந்த லைன் இல்லையென்று கண் கலங்கினாரோ அதே லைன். மதிவாணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்தார்.

"அப்பா முனி, உன் பேரைச் சொல்லிப் பொய் சொன்னதை மனசுல வச்சுக்காத. விரதம் நெசமாத்தான் இருந்தேன். கோழிய மோந்துகூட பாக்கல."

பெட்டிக்குள்ளிருந்து சேவல் மட்டும் பதில் சொன்னது. இறங்கி, பட்ட கிளைகளை ஒடித்துச் சக்கரத்துக்கு அடியில் திணித்து, காலில் கடித்த அட்டையைத் தட்டிவிட்டு, மறுபடி திணித்து, ஒருவழியாக வண்டியை மேலே ஏற்றினார். சட்டையெல்லாம் சேறு. திருப்பத்தைத் தாண்டியதும் மரங்கள் விலகின.

ஏரி அங்கே இருந்தது. சுற்றிலும் மலைச் சரிவு, நடுவில் பால் விடாத கோப்பி-ஓ நிறத்தில் அசையாத தண்ணீர். பனி அதன் மேலே படுத்திருந்தது. மதிவாணன் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். எங்கோ ஒரு பறவை கூப்பிட்டு நிறுத்தியது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. காதுக்குள் இத்தனை வருடமாக அடைந்திருந்த வாளிச் சத்தமும் பாட்டுச் சத்தமும் ஒவ்வொன்றாக வெளியே போவது போலிருந்தது. மனுஷன் நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

கொக்கரக்கோ!

பெட்டியைத் திறந்துவிட்டார். போய்ப் பிழைத்துக்கொள் என்றார். சேவல் கரையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஜீப்பின் மூக்கில் ஏறி நின்று மறுபடி கூவியது. அதைக் கேட்டு நாணலுக்குள்ளிருந்து உடும்பு ஒன்று தலையை நீட்டியது. வயிறு நிறையச் சாப்பிட்டு வளர்ந்த உடும்பு. அது சேவலைப் பார்த்த பார்வையில் பக்தி இல்லை. மதிவாணனுக்கு மனசு கேட்கவில்லை. சேவலைப் பிடித்துப் பெட்டிக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து நீல நிறத்தில் பெரிய பறவை ஒன்று தண்ணீரைத் தொட்டுக்கொண்டு பறந்தது. "ஏய், அங்க பாரு!" என்று பக்கத்தில் திரும்பினார். பக்கத்தில் அட்டைப்பெட்டிதான் இருந்தது. அது அவருக்கு ஏனோ பிடிக்கவில்லை. தனியாக வரவேண்டும் என்று ஒரு வாரம் கீரை தின்றவர், அந்த நிமிஷம் பிரேமலா இருந்திருக்கலாம் என்று நினைத்தார். நினைத்ததைச் சேவலிடம்கூட சொல்லவில்லை.

பிறகு குழவியை ஒரு மரத்தடியில் நட்டு, மஞ்சள் பூசி, சில்லுப் பெயர்ந்த இடத்தில் குங்குமத்தைக் கெட்டியாக அப்பி, சுருட்டைப் பற்ற வைத்துப் படம் எடுத்தார். புகைக்கு நடுவில் அது அத்தனை உக்கிரமாகத் தெரிந்தது. அவரையும் மீறிக் கை கும்பிட்டுவிட்டது. தூக்கிக்கொண்டு வர மனம் வராமல் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

ஊர் வந்ததும் சேவலைக் கமலநாதன் வேலிக்குள் இறக்கினார். "கொஞ்ச நாளைக்கு வச்சுக்க. எதுவும் கேக்காத" என்றார். வீட்டில் பிரேமலா காத்திருந்தாள். கைப்பேசியை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என்னா பாக்குற?"

"ரொம்ப நாள் பழகின முகம் மாதிரி இருக்குங்க" என்று சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலையில் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து சேவல் கூவியது.

"கமலநாதன் அண்ணன் வீட்டுல எப்பேர்ந்து சேவல்?"

"அது... கோழிப் பண்ணை வைக்கப் போறானாம்."

"ஓகோ" என்றாள். அவ்வளவுதான். மதிவாணன் நிம்மதியாக மூச்சு விட்டார். பெண்டாட்டியை இப்படி ஏமாற்றத் தெரிந்தவன் இந்தத் தாமான் குடியிருப்பிலேயே நான் ஒருவன்தான் என்று கண்ணாடியைப் பார்த்து மீசையையும் தடவிக்கொண்டார். வெள்ளிக்கிழமை மாலை, துணிந்து அடுத்த காயை நகர்த்தினார்.

"பிரேமலா, முனி மறுபடியும் வந்தாரு. வாராவாரம் ஞாயித்துக்கிழமை வரச் சொல்றாரு."

"தெரியும்" என்றாள், துணி மடித்தபடியே. "என் கனவுலயும் வந்தாரு."

"உன் கனவுலயா? அது எப்படி?"

"ஏன், உங்க கனவுக்கு மட்டுந்தான் அவருக்கு வழி தெரியுமா?"

 அவள் கனவு பொய் என்றால் இவர் கனவு எங்கே போய் நிற்கும்? "என்னா... என்னா சொன்னாரு?" என்றார்.

"நான்தான் கேட்டேன். 'பொம்பளைங்க வரக் கூடாதுன்னு சொன்னீங்களாமே சாமி?'ன்னேன். ஒரு கோவம் வந்துச்சு பாருங்க! 'நானா சொன்னேன்? எவன் சொன்னான்?'னு கத்துறாரு. நல்லவேளை, நான் உங்க பேரைச் சொல்லல."

மதிவாணன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருவேளை நிஜமாகவே வந்திருப்பாரோ? சேற்றில் மாட்டியபோது வேண்டிக்கொண்டது காதில் விழுந்து, சாமி விலாசம் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாரோ?

"அப்புறம் ஒன்னு சொன்னாரு. பாட்டுச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சாம். குடும்பத்தோட வந்து பாடச் சொல்றாரு. ரூபினிக்குப் போன் போடவா?"

"வேணாம்!" மதிவாணன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "நாம ரெண்டு பேரும் போலாம். ரெண்டு பேரும் மட்டும். நீ சாமிகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லு."

"சொல்லிப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, மடித்த துணியை அலமாரியில் வைக்கப் போனாள்.

சாமி ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன் என்று ரூபினி போனில் சொன்னபோது, "அடுத்த வாரம் பாத்துக்கலாம் ரூபினி. நாங்க ஒரு நேர்த்திக்குப் போறோம். கூட வர்றதுன்னா இப்பலேர்ந்து கோழி திங்கிறதை விடணும்" என்றாள் பிரேமலா. ரூபினிக்கு அன்று வேறு வேலை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் ஓடையில் இறங்கும்போது பிரேமலா ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் சிரிப்பையும் பிடித்துக்கொண்டாள். போனதரம் மாட்டிய மேட்டில் இந்தத் தரம் ஜீப் மாட்டவில்லை. ஏரிக்கரையில் ஒரே நாற்காலிதான். அதில் அவள் உட்கார்ந்தாள், இவர் தரையில் உட்கார்ந்தார். அந்த நீலப் பறவை வந்தது. "ஏய், அங்க பாரு!" என்றார். அவள் பார்த்தாள்.

பறவை அக்கரை மரங்களுக்குள் மறைகிறவரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு அமைதியா இருக்கு!" என்றாள் பிரேமலா கடைசியில். "அவ பாட்டு உங்களுக்கு மட்டுந்தான் தலைவலின்னு நினைச்சீங்களா? எனக்கு அவ சின்ன வயசிலேர்ந்து பாடுறா. ஜீப் வாங்குன அன்னிக்கு என்னத்தான் முதல்ல கூட்டிட்டு வரேன்னு வேற சொன்னீங்க."

மதிவாணனுக்கு வெட்கமாகவும் இருந்தது, இவள்மேல் புதிதாகப் பிரியமாகவும் இருந்தது. செருப்பால் மண்ணைக் கிளறினார்.

"சரி, சாமி கும்பிடுவோம். கண்ணை மூடிக்குங்க."

மரத்தடியில் கற்பூரம் எரிந்தது. மூடினார். திறந்தபோது கற்பூரம் இருந்தது, முனியைக் காணோம். பிரேமலா ஏரித் தண்ணீரில் எதையோ கழுவிக்கொண்டிருந்தாள். மஞ்சளும் குங்குமமும் கரைந்து போக, சில்லுப் பெயர்ந்த முனை பளிச்சென்று தெரிந்தது.

"எப்போ தெரியும்?" என்றார் மதிவாணன் ஈனக் குரலில்.

"போட்டோவுலயே. எங்கம்மா கொடுத்தது, எனக்குத் தெரியாதா? நீங்க போட்டு ஒடைச்ச மூக்குதானே இது?"

"கோவமா?"

"வந்துச்சு. பாயில நீங்க புரண்டு புரண்டு படுத்ததை நினைச்சுப் பாத்தேன், போயிருச்சு."

"அப்ப... இனிமே ஞாயித்துக்கிழமை இங்க வரலாமா?"

"வரலாம். நாம ரெண்டு பேரும், வாராவாரம்."

மதிவாணனுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. ஏமாந்தால் என்ன, சபதம் நிறைவேறிவிட்டது. அதுவும் வாராவாரம்! பிரேமலா குழவியை முந்தானையால் துடைத்து, அலுங்காமல் கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள்.

"சாமி ஒன்னே ஒன்னுதான் கேட்டாரு. பிளெண்டர் சட்னி அவருக்குப் பிடிக்கலயாம். கிளம்புறதுக்கு முன்னாடி நீங்களே உக்காந்து அம்மியில அரைச்சு வச்சுட்டு வரணுமாம், நாம இங்க இருக்கிறப்ப ரூபினி வந்தா இட்லிக்குத் தொட்டுக்கிறதுக்கு."